மொட்டு விடாத தொட்டியத்துக் காளான்

எங்கள் ஆய்வகத்தில் ஒரு மிக்ஸி இருந்தது. சாதாரண வீட்டு மிக்ஸிதான், சட்னி ஜாரோடு வந்தது. வெளியாட்கள் யாராவது வந்தால் அதை ஹோமோஜினைசர் என்று சொல்லிக்கொள்வோம். காளானின் பூசண இழையை வடிநீரில் போட்டு அதில் ஒரு சுற்று அடித்தால் கூழாகிவிடும். அந்தக் கூழைத் தட்டுகளில் சொட்டு விட்டால் ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக முளைக்கும். நேரம் மிச்சம். நேரத்தை மிச்சம் பிடித்து நான் என்ன செய்தேன் என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

தொட்டியத்துக்குப் பக்கத்தில் ஒரு வாழைத் தோப்பு. அதன் வரப்பில் பட்டுப்போன கல்யாண முருங்கை ஒன்று, இடுப்பு உயரத்துக்கு வெறும் கட்டையாக நின்றது. எட்டு வருஷத்துக்கு முன்பு ஒரு சித்திரை மாதத்தில் அந்தக் கட்டையில் கொத்துக் கொத்தாகச் சிப்பிக் காளான் பூத்திருந்தது. திருச்சி வெயிலைத் தெரிந்தவர்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய சங்கதி என்று புரியும். இங்கே சிப்பிக் காளான் வளர்ப்பவர்கள் மார்கழி, தையில் நாலு காசு பார்த்துவிட்டு, மாசி பிறந்ததும் மூட்டை கட்டிவிடுவார்கள். வெயிலில் அது பூக்காது. இது பூத்திருந்தது.

எனக்கு அதைக் காட்டியவர் அந்தத் தோப்பில் வாழையிலை அறுக்கிற ஓர் அக்கா. வரப்பை ஒட்டி அவருக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் உண்டு, கட்டை அதன் மூலையில் இருந்தது. "வருஷா வருஷம் வருங்க. நாங்க பறிச்சு வதக்கித் திம்போம். ஒண்ணும் பண்ணாது" என்றார். அப்போதுதான் நான் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன். தலைகால் புரியாத சந்தோஷத்தில் நான் அவருக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன். "இத எடுத்துட்டுப் போய் விதையாக்கி, உங்களுக்கே கொண்டாந்து தரேன்க்கா. வெயில் காலத்துல உங்ககிட்ட மட்டும்தான் காளான் இருக்கும்." அவர் சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

காளான் என்று நாம் பறிப்பது அந்த உயிரின் பூ மாதிரி ஒரு பகுதிதான். மரத்துக்குள்ளோ வைக்கோலுக்குள்ளோ வெள்ளை நூலாக ஓடிக்கொண்டிருப்பதுதான் உண்மையான ஆள். மாதக்கணக்கில் அது தின்றுகொண்டே ஓடும். ஒருநாள் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மொட்டு விட முடிவு செய்யும். அந்த முடிவை எடுப்பது மரபணுக்கள். வெளிச்சத்தை உணரும் மரபணு ஒன்று விழித்து அடுத்ததை எழுப்பும், அது அதற்கடுத்ததை. குளிர்ச்சி, ஈரம், நல்ல காற்று என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுவிட்சைப் போட, கடைசியில் நூல்கள் ஒன்றையொன்று பின்னி முடிச்சாகித் தண்டும் குடையுமாக எழும்பும். குளிர்ச்சி இல்லாமலே இந்தத் தொட்டியத்துக் காளான் எந்த வழியாக அந்தச் சுவிட்சுகளைப் போடுகிறது என்பதுதான் என் ஆய்வு.

முதல் இரண்டு வருஷம் ஆய்வக அறையில் அது வேண்டிய மட்டும் பூத்தது. மொட்டு, இளங்குடை, விரிந்த குடை என்று ஒவ்வொரு பருவத்திலும் வெட்டி, ரசாயனத்தில் போட்டு, உறைநிலைப் பெட்டியில் அடுக்கினேன். மரபணுப் பரிசோதனைக்கு அவை போதும், ஆனால் திரும்ப முளைக்காது. மீதியைத் தின்றோம். முதல் அறுவடையை மிளகு போட்டு வறுத்து எல்லோரும் பங்கு போடுவது எங்கள் ஆய்வக வழக்கம். நெறியாளர் வீட்டுக்கு ஒரு டப்பா, அலுவலகத்துக்கு ஒரு டப்பா. ஒரே ஒரு குடையை ஒரு காகிதத்தில் கவிழ்த்து, அது உதிர்க்கும் விதைத்தூளைக் காயவைத்திருந்தால் பின்னால் வேண்டும்போது முளைக்க வைத்திருக்கலாம். எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. சாப்பாட்டு ராமர்கள்.

நான் குடியிருப்பது ஸ்ரீரங்கத்தில், ஒரு மாடிப் போர்ஷனில். வீட்டுக்கார மாமிக்கு என் தொழில் தெரியும், பிடிக்காது. "அந்த நாய்க்குடையெல்லாம் ஆத்துக்குள்ள வரப்படாது, சொல்லிட்டேன்" என்று குடிவந்த அன்றே சட்டம் போட்டுவிட்டார். அதனால் என் பங்கை ஆய்வகத்திலேயே தின்றுவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். வருஷங்கள் போகப் போக மாமியின் கேள்வி மாறியது. "இன்னுமா படிச்சிண்டிருக்கேள்?" நானும் சளைக்காமல், "இன்னும்தான் மாமி" என்பேன்.

மூன்று வருஷத்துக்கு முன்பு என் வளர்ப்புக் குழாய்களில் பாக்டீரியா புகுந்துவிட்டது. சுத்தப்படுத்த வேண்டும். மிக்ஸியில் அடித்து, மருந்து கலந்த தட்டுகளில் சொட்டு விட்டேன். நாலைந்து நாளில் துண்டுகள் முளைத்தன. பெரும்பாலானவை தட்டையாக, லேசாக மஞ்சள் பாரித்து, சோம்பேறித்தனமாக வளர்ந்தன. ஒன்று மட்டும் பஞ்சு மாதிரி வெள்ளை வெளேரென்று எழும்பி ஓடியது. பார்க்கவே ஆசையாக இருந்தது. அதைத் தாய் வித்தாக எடுத்து வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் ஆட்டோகிளேவில் போட்டுக் கொதிக்க வைத்துக் கொட்டினேன். பழைய குழாய்களையும் சேர்த்துத்தான். மேஜை சுத்தமாகிவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை.

அதற்குப் பிறகு அதைப் பூக்கவிட்டுப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? என் வேலை உறைந்த மாதிரிகளோடு இருந்தது. தாய் வித்தை மாதம் ஒருமுறை புதுக் குழாய்க்கு மாற்றுவேன். மாற்றும்போதெல்லாம் மிக வெள்ளையாக, மிக வேகமாக வளர்ந்த குழாயைப் பார்த்து எடுப்பேன். எங்கள் ஆய்வகத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்வோம். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காமலே வந்த பழக்கம் அது.

இந்த வருஷம் தைப் பொங்கல் முடிந்த கையோடு அக்காவிடமிருந்து போன் வந்தது. "மேடம், விதை தரேன்னீங்களே, ஞாபகம் இருக்குங்களா? இடுப்பு போச்சுங்க. இனிமே குனிஞ்சு இலை அறுக்க முடியாது. என் நெலத்துல கீத்துக் கொட்டா போட்டுட்டேன். நீங்க வந்து விதை போட்டுக் குடுத்தா, இதையே பாத்துக்கிட்டு உக்காந்துருவேன்." எட்டு வருஷம் கழித்தும் என் வாக்கை ஒருவர் நம்பிக்கொண்டிருந்தார். நெறியாளரிடம் சொன்னேன். அவருக்குப் பணிநிறைவுக்கு நாலு மாதம்தான் பாக்கி. "ரொம்ப நல்லதும்மா, விரிவாக்கப் பணின்னு ரிப்போர்ட்ல போட்டுக்கலாம்" என்றார். மாசி மாதம் வித்துப் பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு இருவரும் போனோம். வேகவைத்த வைக்கோலையும் வித்தையும் மாறி மாறிப் பைகளில் அடைத்து, உறி கட்டித் தொங்கவிட்டோம். இந்தப் பைகளைப் படுக்கை என்போம், மொத்தம் நூற்றி இருபது. நெறியாளர் ஒரு பையைக் கையில் பிடித்தபடி போட்டோ எடுத்துக்கொண்டார். மறுவாரத்திலிருந்து அக்கா இலை அறுக்கப் போவதை நிறுத்திவிட்டார்.

பதினெட்டாம் நாள் போன் செய்தார். "மேடம், வெள்ளையா ஓடி முடிஞ்சிருச்சுங்க. பாலாடை மாதிரி இருக்கு. எப்பங்க மொட்டு வரும்?" இன்னும் நாலு நாள் என்றேன். நாலு நாள் கழித்து ஜன்னலைத் திறந்துவிடச் சொன்னேன். அதற்கடுத்து மூன்று வேளை தண்ணீர் தெளிக்கச் சொன்னேன். முப்பதாம் நாளும் வெள்ளைதான். வைக்கோலில் பூச்சிமருந்து இருந்திருக்கும், கீற்றில் இடுக்கு அதிகம் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டேன். அந்தப் பட்டியலில் நான் மட்டும் இல்லை.

அப்புறம் என் மேதாவித்தனம் வேலை செய்தது. ஒரு படுக்கையிலிருந்து துணுக்கு எடுத்து வந்து மரபணுப் பரிசோதனை செய்தேன். வெளிச்சத்தை உணரும் மரபணு நன்றாக வேலை செய்தது. மொட்டுக்கான மரபணுக்கள் எல்லாம் கம்மென்று இருந்தன. குளிர் கேட்காத காளான்தான், ஆனாலும் சுவிட்சு தூங்குகிறது, மற்றவற்றைப் போல் குளிரால் எழுப்பினால் எழும் என்று முடிவு கட்டினேன். சொல்லப்போனால் ஆய்வேட்டில் இன்னொரு அத்தியாயம் சேருமே என்று உள்ளூர ஆசைகூட வந்தது. "தூங்குதுக்கா. குளிர் காட்டி எழுப்பணும்" என்றேன். அக்கா முசிறி மீன் மார்க்கெட்டிலிருந்து சாக்கில் ஐஸ் பாளம் கட்டி, பஸ்ஸில் போட்டுக் கொண்டுவந்து குடிலுக்குள் தொட்டியில் வைத்தார். ஒருநாள் இல்லை, இரண்டு வாரம். போன இடுப்போடு.

பங்குனி நடுவில் இளங்கலை மாணவிகளுக்கு ஒரு செய்முறை வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். காளான் இழையை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, கண்ணறைகள், அதாவது செல்கள், சந்திக்கும் இடத்தில் இருக்கும் கொக்கியை வரைய வேண்டும். புத்தகத்தில் படம் உண்டு. இழையின் பக்கவாட்டில் சின்னதாக ஒரு வளைவு, மழைக்குடையின் கைப்பிடி அளவுக்குக்கூட வளையாது. வகுப்புக்கென்று தனியாக வளர்க்கச் சோம்பல்பட்டு என் தாய் வித்தையே ஸ்லைடு போட்டுக் கொடுத்தேன். கடைசி பெஞ்சில் ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"மேடம், கொக்கி தெரியலை."

"கொக்கி தெரியலைன்னு சொல்லாதே. எனக்குப் பாக்கத் தெரியலைன்னு சொல்லு."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் முகம் சுண்டிப்போய் உட்கார்ந்தாள். மணி அடிக்கும்போது முப்பது நோட்டிலும் கொக்கி அழகாக வரையப்பட்டிருந்தது, அவள் நோட்டிலும்தான். எல்லாவற்றிலும் சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

அவர்கள் போனபிறகு விளக்குகளை அணைத்துக்கொண்டு வந்தேன். அந்தப் பெண்ணின் மைக்ராஸ்கோப்பில் சும்மா கண்ணை வைத்தேன். கொக்கி இல்லை. ஸ்லைடை நகர்த்தினேன். அடுத்த மைக்ராஸ்கோப்புக்குப் போனேன். முப்பது ஸ்லைடையும் பார்த்தேன். ஒன்றில்கூட இல்லை. அந்தப் பெண் ஒழுங்காகத்தான் பார்த்திருக்கிறாள். எட்டு வருஷமாகக் காளானோடு குடித்தனம் நடத்தும் நான் பார்க்கவே இல்லை. மைக்ராஸ்கோப் என்பது சின்னப் பிள்ளைகள் சமாசாரம், எனக்கு மரபணு அளக்கும் இயந்திரம் இருக்கிறது என்ற திமிர்.

விஷயம் இதுதான். பூக்கக்கூடிய காளானின் ஒவ்வொரு கண்ணறையிலும் இரண்டு உட்கருக்கள் இருக்கும். இரண்டும் வெவ்வேறு தாய் தகப்பன்களிடமிருந்து வந்து, ஒன்றோடொன்று கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் குடியிருக்கும். ஆளுக்குப் பாதியாக ஒரு புரதத்தைச் செய்யும். இரண்டு பாதியும் சேர்ந்தால்தான் பூப்பதற்கான முதல் சுவிட்சைப் போடும் கை உருவாகும். கண்ணறை பிரியும்போது இரண்டு உட்கருவையும் தவறாமல் பங்கிட்டுக் கொடுப்பதற்குத்தான் அந்தக் கொக்கி. கொக்கி இல்லையென்றால் உட்கரு ஒன்றுதான் இருக்கிறது. என் மிக்ஸி பிளேடில் அறுபட்டுச் சிதறியதில் ஏதோ ஒரு துண்டு ஒற்றை உட்கருவோடு பிழைத்திருக்கிறது. சாதாரணமாக அந்த மாதிரி இழை மெதுவாகத்தான் வளரும். இது வேகமாக, வெள்ளையாக வளர்ந்து தொலைத்தது. நான் அதைத் தேடி எடுத்து மகுடம் சூட்டினேன். சோம்பேறிகள் என்று கொதிக்க வைத்துக் கொட்டியவைதான் பூக்கக்கூடியவை.

சுவிட்சு தூங்கவில்லை. சுவிட்சைப் போடும் கையில் பாதி இல்லை. எத்தனை லோடு ஐஸ் வைத்தாலும் அது வராது.

நெறியாளரிடம் போய்ச் சொன்னேன். மேஜை டிராயரைக் காலி செய்துகொண்டிருந்தார். முழுவதும் கேட்டார். "உங்க தீசிஸுக்கு இதனால ஒண்ணும் ஆகாதும்மா. டேட்டா எல்லாம் பழைய சாம்பிள்தானே? அடுத்த மாசம் சமர்ப்பிச்சிடலாம்" என்றார்.

"சார், அந்தக் காளானே போயிடுச்சு."

"வேற காளானோட ஒத்தை இழையைச் சேர்த்துப் பாக்கலாம். மொட்டு வந்தாலும் வரும். வெயில்ல பூக்கற குணம் வருமான்னு தெரியாது. ரெண்டு மூணு வருஷ வேலை. நானும் இருக்கப்போறதில்லை, உங்க பதிவும் முடியுது." டிராயரை மூடினார். "அந்தம்மாகிட்ட க்ளைமேட் சரியில்லைன்னு சொல்லிடுங்க."

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஒரு காளான் எப்படிப் பூக்கிறது என்று இருநூறு பக்கத்துக்கு எழுதி எனக்குப் பட்டம் கிடைத்துவிடும். அந்தக் காளான் பூக்காது. இதை நினைத்து அன்று கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன்.

ஒரே ஒரு நப்பாசை பாக்கி இருந்தது. முருங்கைக் கட்டை. அதற்குள் பழைய இழை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். சித்திரை பிறந்த மூன்றாம் நாள், சுத்தமான பைகளும் பிளேடும் ஸ்பிரிட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். டோல்கேட்டில் சமயபுரத்துக்கு நடக்கிற மஞ்சள் புடவைக் கூட்டத்தில் பஸ் அரைமணி நேரம் நின்றது. எனக்கு வேண்டுதல் எதுவும் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. முசிறியில் இறங்கி அடுத்த பஸ் பிடித்தேன்.

நிலத்தின் மூலைக்கு நேராகப் போனேன். அங்கே குடிலின் மண்சுவர் இருந்தது.

"அக்கா, இங்க ஒரு கட்டை இருந்துச்சே?"

"அதுங்களா? கொட்டா போடறப்ப இடிச்சுதுங்க. வேரோட தோண்டி எடுத்துட்டோம். அதான் வைக்கோல் வேகவைக்க அடுப்பெரிச்சோமே, நீங்ககூடப் பக்கத்துல நின்னீங்களே."

நின்றேன். புகை கண்ணைக் கரிக்கிறது என்று முகம் சுளித்ததுகூட ஞாபகம் இருக்கிறது. சுற்றுவட்டாரத் தோப்புகளில் மாலை மூன்று மணிவரை அக்காவைக் கூட்டிக்கொண்டு அலைந்தேன். பட்ட மரங்கள் இருந்தன. காளான் எதிலும் இல்லை. வேறு எங்கேயும் பார்த்ததே இல்லை என்று அவரே சொன்னார்.

குடிலுக்குத் திரும்பினோம். உள்ளே தரையில் ஆற்று மணல் விரித்து, சுவரோரம் ஈரச் சாக்கு தொங்கவிட்டு, நான் சொன்னதை எல்லாம் ஒன்று விடாமல் செய்திருந்தார். படுக்கைகள் நூற்றி இருபதும் பால் வெள்ளையில் தொங்கின. எந்த ஆய்வகத்திலும் அவ்வளவு சுத்தமாக நான் பார்த்ததில்லை. வெளியே நிற்க முடியாத வெயில். க்ளைமேட் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், அவர் நம்பியிருப்பார். எனக்கு வாய் வரவில்லை. மிக்ஸியில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். நான்தான் கெடுத்தேன் என்று சொன்னேன்.

அக்கா கடைசிவரை கேட்டார். அப்புறம் ஒரு படுக்கையைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப இது செத்துப்போச்சுங்களா?"

"சாகலைக்கா. நல்லாத்தான் இருக்கு. வைக்கோல் இருக்கறவரைக்கும் வளரும். மொட்டு மட்டும் வராது."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

"வேற விதை?"

"இருக்கு. மார்கழி, தையிலதான் வரும்."

"மத்த பத்து மாசம்?"

அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், நாலு பேரைக் கூட்டி நியாயம் கேட்டிருந்தால் இன்னும் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் மூலையிலிருந்த தெளிப்பானை எடுத்து, குடத்துத் தண்ணீரை ஊற்றி, தோளில் மாட்டிக்கொண்டார். நாலு மணித் தண்ணீர்.

"அக்கா, வேணாம்க்கா. இனிமே பிரயோஜனம் இல்லை."

"உசுரோட இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க. உசுரோட இருக்கறத எப்படிங்க காயப்போடறது?"

முதல் வரிசையிலிருந்து தெளிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு பைக்கும் முன்னால், பின்னால், அடியில். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து அடுத்த பைக்கு நகர்ந்தார். எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபம் யார்மேல் என்று தெரியாத அளவுக்கு நான் முட்டாள் இல்லை.

கடைசி வரிசைக்கு வந்ததும், திரும்பாமலே சொன்னார்.

"நாளையிலருந்து இலைக்குப் போவணுங்க. ஆறு மணிக்கெல்லாம் தோப்புல நிக்கணும். அஞ்சு மணிக்கே இதுக்குத் தண்ணி காட்டிட்டுப் போயிடறேன்."

தெளிப்பானில் தண்ணீர் தீர்ந்து காற்று சத்தம் கேட்டது. இன்னும் ஆறு படுக்கைகள் பாக்கி. நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் வைத்தேன்.